பத்தொன்பது டப்பா சிப்பி

ஓவாகா
17 ஏப்ரல் 1983

அன்புள்ள மெரியானா,

ஒரு வழியா ஊர் வந்து சேர்ந்துட்டேன். போன் பண்ணலாம்னுதான் நினைச்சேன். ஆனா எங்க போன் லைன் ஒண்ணையே அஞ்சு வீடு பங்கு போட்டுக்குது. நான் ரிசீவரைத் தூக்கினாலே மேட்டு வீட்டு மிஸஸ் லாக்கியோட சுவர்க் கடிகாரம் என் காதுல டிக் டிக்குங்குது. நான் தோத்ததை ரேடியோக்காரன் ஊருக்கே சொல்லிட்டான், மிச்சத்தையும் அந்தம்மாவுக்கு நானே வாசிச்சுக் காட்டணுமா? அதான் கடிதம்.

தோத்தேன். சரி. கட்சித் தலைவர் நாற்காலி பெவன் ஸ்டாக்டேல்கிட்டயே இருக்கட்டும். நீயும் ஓட்டுப் போட்டுட்டு, கட்சிச் செயலாளரோட மூலை மேஜைக்குப் போய் எண்ணினே. எழுந்து நின்னு "பெவன் தொடர்றார்"னு ஒரே வரி. அப்புறம் சீட்டையெல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டுக் கொளுத்தினே. எத்தனைக்கு எத்தனைன்னு எந்தக் காலத்துலயும் சொல்றதில்லை, அதுதான் நம்ம கட்சி வழக்கம். நான் அதைக் குறை சொல்லலை.

நான் எழுத உட்கார்ந்தது வேற விஷயத்துக்கு. மெரியானா, எனக்கு மனசு நிறைஞ்சு போயிருக்கு. அன்னைக்கு நான் கூட்டத்தை விட்டு வெளியே வந்தா, நடையில ஒருத்தர், லிஃப்ட்ல ரெண்டு பேர், கை கழுவுற இடத்துல மூணு பேர்னு ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "என் ஓட்டு உனக்குத்தான் மர்டோ"ன்னாங்க. ரெக்ஸ் ஹாலிடே கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தோத்தவனை இப்படித் தாங்குற ஆட்கள் வேற எந்தக் கட்சியில இருக்காங்க? விமானத்துல வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நான் அழுதேன், சொல்றதுக்கென்ன வெட்கம்.

வாயால நன்றி சொன்னாப் பத்தாது. இப்பதான் இங்க பக்கத்துல பிளஃப் துறைமுகத்துல சிப்பி சீசன். சொன்ன ஒவ்வொருத்தருக்கும் ஒரு டப்பா அனுப்பப்போறேன். உனக்கு இல்லை, கோவிச்சுக்காதே. நீ எண்ணின ஆள், உன்னால எதுவும் சொல்ல முடியாது, எனக்குப் புரியுது.

எதிர்க்கட்சி சார்பா சபையில சுகாதாரத்துறையைப் பத்திப் பேசற பொறுப்பை பெவன் எனக்கே திருப்பிக் கொடுத்துட்டான். போட்டி போடறதுக்கு முன்னாடி நான் ராஜினாமா பண்ணினது அது. பெரிய மனசுதான். எங்க ஆஸ்பத்திரி பிரசவ வார்டை மூடறோம்னு அரசாங்கம் குதிக்குது, அந்த வேலையில இறங்கணும்.

எங்க வீட்டம்மா ஐலா உன்னை விசாரிச்சா.

மர்டோ கெடிஸ்


ராவெனே, ஹோக்கியாங்கா
25 ஏப்ரல் 1983

மர்டோ,

கடிதம் கிடைச்சுது. இங்க சேறு. படகுத்துறைக்கு இறங்கினா செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சக்கரைவள்ளிக் கிழங்கு தோண்டி முடிச்சாச்சு, இடுப்பு இன்னும் நிமிரலை.

சிப்பி எனக்கு வராததுல வருத்தம் இல்லை. எங்க கரையிலயே நல்ல சிப்பி இருக்கு, உங்க ஊர்க்காரங்கதான் ஒத்துக்கமாட்டாங்க.

ஒண்ணு கேட்கலாமான்னு யோசிச்சேன். கேட்கவேண்டாம்னு எழுதி அடிச்சேன். மறுபடி யோசிச்சேன். சரி, சும்மாதான் கேட்கிறேன்: எத்தனை டப்பா அனுப்பறே?

பிரசவ வார்டு விஷயத்துல உன் ஊர்ப் பொம்பளைங்க ஊர்வலம் போனாங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். அதைப் பத்தி ரெண்டு வரிதான் எழுதியிருக்கே. அதை எழுது.

மெரியானா


ஓவாகா
2 மே 1983

அன்புள்ள மெரியானா,

அடிப்பாவி, நீ சும்மா கேட்கலை!

பத்தொன்பது டப்பா. நேத்து கூடத்துல ஐஸ் போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தோம். ஐலா விலாசம் எழுதிக்கிட்டே வந்தவ திடீர்னு பேனாவை வெச்சுட்டு, "ஏங்க, உங்க கட்சியில மொத்தம் எத்தனை எம்.பி.?"ன்னா. முப்பத்தொண்ணுன்னேன். "ஜெயிக்க எத்தனை வேணும்?" பதினாறுன்னேன். அவ டப்பாவையெல்லாம் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவ, தரையிலயே உட்கார்ந்துட்டா. "பத்தொன்பது பேர் போட்டு, நீங்களும் உங்களுக்குப் போட்டு, நீங்க தோத்துட்டீங்க! உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"

எனக்கு முகத்துல ஈயாடலை. வாசல்ல வண்டி நின்னு ஹாரன் அடிக்குது. என்ன பண்றது? அனுப்பிட்டேன். யார் பொய், யார் நிஜம்னு தெரியாம யார் டப்பாவை நிறுத்தறது?

ஆனா படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன். குறைஞ்சது அஞ்சு பேர் பொய் சொல்லியிருக்காங்க. சரி, அஞ்சு போகட்டும். மிச்சம் பதினாலு பேர், என்னோட சேர்த்து பதினஞ்சு. ஒரே ஒரு ஓட்டுல தோத்திருக்கேன் மெரியானா! ஒரே ஒரு ஆளைத் திருப்பினா நாற்காலி எனக்கு. அதனால மறுபடி நிக்கப்போறேன். ஜூன் பதினாலாம் தேதிக் கூட்டத்துல.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். நிக்கறதுக்கு முன்னாடி பொறுப்பை ராஜினாமா பண்ணணும். ரெண்டாவது தடவை தோத்தவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கமாட்டாங்க, கடைசி பெஞ்சுதான். பிரசவ வார்டுக்கும் கட்சியில பேச ஆள் இருக்காது. ஐலா இதைச் சொல்லிச் சொல்லியே என்னை அரிச்சு எடுக்கறா.

அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு. அந்த எண்ணிக்கையைச் சொல்லு. பேர் வேண்டாம், நம்பர் மட்டும். பதினஞ்சுதானே? ஆமாம்னா கடிதத்துல மழையைப் பத்தி எழுது, இல்லைன்னா வெயிலைப் பத்தி எழுது. யாருக்குத் தெரியப்போகுது?

மர்டோ


ராவெனே
9 மே 1983

மர்டோ,

இங்க மழையும் இல்லை வெயிலும் இல்லை. வானிலையே இல்லை. அதை வெச்சு நீ ஒண்ணும் கண்டுபிடிக்கவேண்டாம்.

நம்பர் சொல்லமாட்டேன். நீ கேட்டிருக்கக்கூடாது. நானும் செயலாளரும் எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்துட்டுத்தான் அந்த மேஜைக்குப் போனோம். நான் புதுசா வந்த வருஷம் எண்ணின ஆள் ஒருத்தர் ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் நம்பரை உளறிட்டார். அடுத்த மாசமே நாலு பேர் நாலு திசையில முறைச்சுக்கிட்டு நின்னதை நீயும்தான் பார்த்தே.

"நில்லு"ன்னு நான் எழுதினா அது ஒரு நம்பர். "நிக்காதே"ன்னு எழுதினா அதுவும் ஒரு நம்பர். அதனால அதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. நீ கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டையில ஏதோ அடைக்குது.

பிரசவ வார்டைப் பத்தி எழுதச் சொன்னேன், நீ எழுதலை.

மெரியானா


ஓவாகா
14 மே 1983

மாண்புமிகு திருமதி மெரியானா டாஃபாய் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நேர்மையை மெச்சுகிறேன். பதினேழு வருஷம் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில் ஒரு சின்ன உதவி கேட்டுவிட்டேன். பெரிய தப்பு. மன்னிக்கவேண்டும்.

தங்கள் தொண்டை சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
எம். கெடிஸ்


ராவெனே
19 மே 1983

மாண்புமிகு மர்டோ கெடிஸ் அவர்களுக்கு,

"மாண்புமிகு", "தங்கள்" எல்லாம் உங்களுக்கு ஒட்டலைங்க. பெரியவங்க கோட்டைச் சின்னப்பிள்ளை போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்குதுங்க.

திட்டணும்னா வாயாரத் திட்டு. வாங்கிக்கறேன். எழுதறதை மட்டும் நிறுத்தாதே.

மெரியானா


ஓவாகா
23 மே 1983

மெரியானா,

சரி. கோவம் போயிடுச்சு. என் கோவம் எவ்வளவு நாள் தாங்கும்னு உனக்குத் தெரியாததா? அந்தக் கடிதத்தைத் தபால்ல போட்டுட்டு வந்ததுமே ஐலா, "எடுத்துட்டு வாங்க, கிழிச்சுப் போடலாம்"னா. தபால்காரர் கிளம்பிட்டார்.

ரெக்ஸ் போன் பண்ணினான். "நீ நில்லு மர்டோ, போன தடவை மாதிரியே நான் உன் பக்கம்தான், சிப்பி பிரமாதம்"னான். நானும் உச்சி குளிர்ந்து போய் நன்றி சொல்லிட்டு வைக்கப் போறேன், லைன்ல மிஸஸ் லாக்கி குரல்: "மிஸ்டர் கெடிஸ், அந்த ஆள் சொல்றதை நம்பாதீங்க. மாடு விற்க வர்றவன் குரல் மாதிரியே இருக்கு." எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"ன்னேன். "இல்லையே"ன்னுட்டாங்க.

அப்புறம் ஆட்டுக்கொட்டகையில நிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சுனு புரிஞ்சுது. இத்தனை நாள் எனக்கு இது தோணாமப் போச்சே! பத்தொன்பது பேர் வந்து "உனக்குத்தான் போட்டேன்"னாங்க. அதுல பொய்யும் கலந்திருக்கு. எனக்கு நெருங்கினவங்கள்ல என்கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லாத ஆள் நீ ஒருத்திதான். எண்ணிக்கையைச் சொல்லக்கூடாது, சரி. உன் ஓட்டு யாருக்குன்னு சொல்றதை யார் தடுத்தா? யாரும் தடுக்கலை. ஆனாலும் நீ வந்து பீத்திக்கலை. நிஜமாப் போட்டவங்க சொல்லிக் காட்டமாட்டாங்க. நீ எனக்குத்தான் போட்டிருக்கே.

மெரியானா, மத்த எந்த ஓட்டை விடவும் எனக்கு இது பெருசு. நன்றி. உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தைரியம் வருது. நான் உன்னை எப்படியெல்லாம் பேசிட்டேன்!

ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். ஜூன் முதல் வாரம் பெவனுக்கு அனுப்பறேன். கூட்டத்துல என் பேரை நீ எழுந்து முன்மொழியணும். எண்ணுற வேலையை இந்தத் தடவை வேற யாராவது பார்க்கட்டும். செய்வேதானே?

என்றும் நன்றியோட,
மர்டோ


ராவெனே
27 மே 1983

அன்புள்ள மர்டோ,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஐலா பக்கத்துல இருந்தா நல்லது.

எண்ணிக்கை என் வாயிலேர்ந்து வராது. செத்தாலும் வராது. ஆனா நீ சொன்னது சரிதான், என் ஓட்டு என்னோடது. அதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. சொல்றேன்.

நான் உனக்குப் போடலை. பெவனுக்குப் போட்டேன்.

நீ அனுப்பின நன்றியை ரெண்டு நாள் வீட்டுல வெச்சுக்கிட்டு இருந்தேன். வெச்சுக்கவும் முடியலை, திருப்பவும் முடியலை. பேசாம இருந்துட்டா நீ சாகிறவரைக்கும் என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டிருப்பே. எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்துது. ஆனா நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அதுவும் ஒரு பொய்தான். உனக்குப் பொய் சொல்ல ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கு.

ஏன் போடலைன்னு கேட்பே. உனக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிடாதே. போன வருஷம் எங்க கரையில ராத்திரி நர்சை எடுத்துடறோம்னு சொன்னப்போ, வேற எந்த எம்.பி.யும் எட்டிப் பார்க்கலை. நீ நாட்டோட அந்தக் கடைசியிலேர்ந்து வந்தே. எங்க மக்கள் கூடித் தங்கற மராயே கூடத்துல எல்லாரோடயும் வரிசையாப் படுத்தே. உன் குறட்டை தாங்காம எங்க அத்தை மெத்தையைத் தூக்கிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு நாள் ஒவ்வொரு பொம்பளையா உட்காரவெச்சு, பிரசவத்துல என்ன நடந்துச்சு, படகு எத்தனை நேரம் வரலைன்னு கேட்டே. ஒருத்தரையும் நடுவுல மறிச்சுப் பேசலை. அவங்க சொன்னதை அப்படியே நம்பினே. அவங்க சொன்ன வார்த்தையிலயே சபையில பேசினே. நர்ஸ் இன்னும் இங்கதான் இருக்கா. அவ கையால பிறந்த குழந்தைங்க எங்க தெருவுல ஓடுதுங்க.

அன்னைக்குப் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு இதையெல்லாம்தான் நினைச்சேன். ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல, பின்னாடி ரெக்ஸ் இருமினான். நன்றிக்காக உனக்குப் போட்டுடலாம்னு கை போச்சு. ஆனா மர்டோ, அது என் வீட்டு ஓட்டு இல்லையே. இந்தக் கரையில இருக்கிறவங்க என்னை அனுப்பினதால என் கைக்கு வந்த ஓட்டு. அதை எடுத்து என் சொந்த நன்றியை எப்படித் தீர்க்கறது?

நீ எல்லாரையும் நம்புவே. வார்டுல படுத்திருக்கிறவ சொல்றதைக் கேட்க அப்படிப்பட்ட ஆள்தான் வேணும். தலைவர் நாற்காலியில அப்படி உட்கார்ந்தா மூணே மாசத்துல உன்னைத் தின்னு ஏப்பம் விட்டுடுவாங்க. முதுகுல தட்டினவனுக்கெல்லாம் நீ சிப்பி அனுப்பறே! பெவன் ஒருத்தரையும் நம்பமாட்டான். அதை நல்ல குணம்னு நான் சொல்லலை. அவன் வீட்டுல நான் ஒரு டீ கூடக் குடிக்கமாட்டேன். ஆனா அந்த நாற்காலிக்கு அது வேணும்.

நீ தோத்த அன்னைக்கு நானும் வந்து உன் கையைப் பிடிச்சிருக்கணும். பிடிச்சா எதையாவது சொல்லணும். சொன்னா இதைத்தான் சொல்லணும். அதனால படிக்கட்டு வழியா இறங்கி ஓடிட்டேன். அதுக்கு மட்டும் மன்னிச்சுடு. ஓட்டுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இதை வெச்சு நீ என்ன கணக்குப் போட்டாலும் அது உன் கணக்கு. ஒருவேளை இனிமே நீ என்கூடப் பேசமாட்டே. அதையும் யோசிச்சுட்டுத்தான் எழுதினேன். 

மெரியானா


ஓவாகா
3 ஜூன் 1983

அன்புள்ள மெரியானா,

உன் கடிதம் வந்து மூணு நாளாச்சு. முதல் நாள் உன்னைத் திட்டினேன். வாயாரன்னு சொன்னியே, அப்படியே. ஐலா கேட்டுக்கிட்டே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டு இருந்தா. நான் மூச்சு வாங்க நின்னப்போ, "மெரியானாவே உங்களுக்குப் போடலைன்னா, வேற யாருங்க போட்டிருப்பா?"ன்னா. எகத்தாளமாக் கேட்கலை. மெதுவாத்தான் கேட்டா. எனக்கு அது நேரா நெஞ்சுல இறங்கிடுச்சு. நான் கம்பளிக் கோட்டை மாட்டிக்கிட்டு மழையில போயிட்டேன்.

ரெண்டாவது நாள் அழுகை வந்துச்சு. அதை விரிச்சு எழுதமாட்டேன்.

நேத்துக் காலையில எழுந்தேன். மனசு லேசா இருந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியலை. ராஜினாமாவை எடுத்து அடுப்புல போட்டேன். கம்பளிக் கோட்டு இன்னும் ஈரம், அதையே மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டுல ரெண்டு பேர்தான். ஒருத்தி ரயில் கேட்காரர் மருமக. "வார்டை மூடினா டனீடின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவே?"ன்னு கேட்டேன். "பனிக்காலத்துல மலைப்பாதை மூடிடும், போகமாட்டேன், வீட்டுலயே பெத்துக்க வேண்டியதுதான்"னா. அவ பக்கத்துல உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். தலைவர் ஆகணும்னு திரிஞ்ச இந்த ரெண்டு மாசத்துல அந்த வார்டுப் பக்கமே நான் போகலை. நீ ரெண்டு தடவை எழுதச் சொன்னே. எழுத என்கிட்ட ஒண்ணும் இல்லை, அதான் எழுதலை.

இருபதாம் தேதி மந்திரி இங்க வர்றார். கட்சியில சுகாதாரப் பொறுப்புல இருக்கிறவனா நான் வாசல்ல நிப்பேன். கேட்காரர் மருமகளும் நிப்பா, பிள்ளை அதுக்கு முன்னாடி அவசரப்படலைன்னா. வார்டு தப்பிக்குமா தெரியாது. ஆனா ராஜினாமா போயிருந்தா அந்த வாசல்ல கேள்வி கேட்கவே ஆள் இருந்திருக்காது. அந்த ஒரு காரியத்தை நீ எனக்காகக் காப்பாத்திக் கொடுத்துட்டே.

பதினாலாம் தேதிக் கூட்டத்துல நான் நிக்கலைன்னு ரெக்ஸுக்கு எழுதிட்டேன். திட்டலை. அவன் ஏதோ ஆறுதலாத்தான் சொன்னான், பாவம். தோத்தவன் மூஞ்சியைப் பார்த்து வேற என்ன சொல்லத் தோணும் ஒருத்தனுக்கு? அந்தப் பத்தொன்பது பேர் மேலயும் எனக்கு இப்போ கோவம் இல்லை. அன்னைக்கு அவங்க பிடிச்ச கை எனக்குத் தேவைப்பட்டுது. அதுக்கும் நன்றிதான்.

பதினேழு வருஷத்துல ஓட்டுப் போட்டவங்களுக்கு எத்தனையோ மேடையில நன்றி சொல்லியிருக்கேன். போடாதவளுக்கு இப்பதான் முதல் தடவையா சொல்றேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நன்றி மெரியானா. மனசார.

இனிமே அந்த எண்ணிக்கையை உன்கிட்ட கேட்கமாட்டேன். எனக்கு அது வேண்டாம். முப்பத்தொரு பேர்ல என் ஓட்டைத் தவிர ஒரே ஒரு ஓட்டு எங்க விழுந்துச்சுன்னுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும். அது எனக்கு எதிரா விழுந்துச்சு. கூட்டத்துக்கு வரும்போது அந்த ஓட்டுக்காரி பக்கத்துலதான் உட்காருவேன், இடம் போட்டு வை.

மர்டோ